சிங்க்குக்குக் கீழே ஒழுகுது: இறுக்கவா, மாற்றவா, பிளம்பரைக் கூப்பிடவா?

குசினிச் சிங்க்குக்குக் கீழே தண்ணீர் ஒழுகத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் முதலில் ஒரு வாளி வரும். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போவார். அது சில நாள் தாங்கும். மறுபடியும் ஒழுகும்போதுதான் வீட்டில் பேச்சுத் தொடங்கும்: மூட்டுக்குள் இருக்கும் வொஷர் வளையத்தை மட்டும் மாற்றினால் காணாதா, கீழே தொங்கும் கழிவுக் குழாய்ச் செட் முழுவதையும் மாற்றுவோமா, பிளம்பரைக் கூப்பிடுவோமா, வாடகை வீடுதானே, வீட்டுக்காரரே பார்க்கட்டும் என்று விட்டுவிடுவோமா?

இந்த நாலையும் ஆட்கள் விலையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். வொஷர் மலிவு, செட் கொஞ்சம் கூட, பிளம்பர் இன்னும் கூட. வரிசை சரி, ஆனால் முடிவெடுக்க அது உதவாது. வேறொரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: ஒழுகுவது பாவித்த தண்ணீரா, பாவிக்காத தண்ணீரா?

பாவித்த தண்ணீர் என்பது பாத்திரம் கழுவி, சிங்க் வாயால் இறங்கி வெளியே போவது. அதற்குப் பின்னால் அழுத்தம் கிடையாது. கழுவும்போது ஒழுகும், கழுவி முடிந்தால் நிற்கும். பாவிக்காத தண்ணீர் சுவரிலிருந்து பைப்புக்கு வருவது. வீட்டு டாங்கியோ, நீர் வழங்கல் சபையின் லைனோ, அதற்குப் பின்னால் எந்நேரமும் அழுத்தம் நிற்கிறது. வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாலும் அது பாட்டுக்கு ஒழுகும். முன்னதை யாரும் தாங்களே திருத்தலாம், பிசகினால் தரை நனையும், அவ்வளவுதான். பின்னதில் ஒரு பங்கைத்தான் நாங்கள் செய்யலாம். மிச்சத்தில் கை வைக்காமல் இருப்பதே லாபம்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கொஞ்சம் பழைய வீடுகளில் பைப் சுவரில்தான் இருக்கும், சிங்க்கில் அல்ல. சீமெந்து மேடை, அதில் ஒரு எவர்சில்வர் சிங்க், கீழே ஒரு திரைச்சீலை. அப்படியான வீட்டில் சிங்க்குக்குக் கீழே ஓடுவது பாவித்த தண்ணீர் மட்டும்தான். சுவர் ஊறாமல் தரை மட்டும் நனைகிறதென்றால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பென்ட்ரி கபட் அடித்து, சிங்க்கிலேயே பைப் பூட்டிய புது வீடுகளில்தான் இரண்டு தண்ணீரும் ஒரே இருட்டுக்குள் ஓடுகின்றன.

எங்கே என்று பிடிப்பது

கீழே இருக்கிற சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கேஸ் சிலிண்டரும் அங்கேதான் இருக்கிறதென்றால் முதலில் அதை எடுங்கள். ஈரத்தில் நிற்கும் சிலிண்டரின் அடி வளையம் துருப்பிடித்து, தரையிலும் ஒரு வட்டம் விட்டுவிடும். தண்ணீர் வடிகட்டும் மெஷினுக்கோ வேறெதற்கோ கபட்டுக்குள் பிளக் இருந்தால் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு எல்லாக் குழாயையும், எல்லா மூட்டையும் பழந்துணியால் நன்றாகத் துடைத்து, தரையில் பேப்பர் விரியுங்கள்.

இப்போது பைப்பைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். பேப்பர் நனைந்தால் அது பெரும்பாலும் பாவிக்காத தண்ணீர். நனையாவிட்டால் சிங்க் வாயை மூடி, முக்கால்வாசிக்குத் தண்ணீர் நிரப்பி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருங்கள். இப்போது நனைந்தால் சிங்க்கின் வாயில், அதாவது வேஸ்ட் பூட்டிய இடத்தில்தான் குறை. அதுவும் காய்ந்தே இருந்தால் மூடியை எடுத்து அவ்வளவு தண்ணீரையும் ஒரேயடியாக இறக்கிவிடுங்கள். ட்ரப்பிலோ (சிங்க் வாய்க்குக் கீழே கொஞ்சத் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) அதற்குப் பிறகு வரும் குழாயிலோ குறை இருந்தால் அந்தப் பாய்ச்சலில் காட்டிக்கொடுத்துவிடும். மெதுவாகத் திறந்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு அது அகப்படாது. குழாயின் அடியில் மட்டும் தண்ணீர் ஓடும்போது மேல் வெடிப்பு நனையவே நனையாது.

துளி விழும் இடம் குறை உள்ள இடமல்ல. தண்ணீர் குழாயின் முதுகால் வழிந்து, ஆகத் தாழ்வான இடத்தில் வந்துதான் சொட்டும். அதனால் டிஷ்யூத் துண்டு ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டையும் தொட்டு வாருங்கள். முதலில் எந்த மூட்டில் டிஷ்யூ நனைகிறதோ அதுதான் இடம். இருட்டான கபட்டுக்குள் வெறும் ஈரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் சிங்க்கில் நிரப்பும் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள் தூள் கலந்து விடுங்கள். டிஷ்யூவில் மஞ்சள் கறை விழுந்தால் அது பாவித்த தண்ணீர் என்பதில் சந்தேகமே இல்லை. வெள்ளைச் சிங்க் வைத்திருப்பவர்கள் உடனே கழுவிவிடுங்கள், பிறகு வீட்டில் யார் ஏச்சு வாங்குவது?

காய்ந்த மூட்டுகளும் கதை சொல்லும். வெள்ளைப் பொருக்குப் பிடித்திருந்தால் அங்கே நெடுநாளாகத் தண்ணீர் கசிந்து கசிந்து காய்ந்திருக்கிறது, பெரும்பாலும் பாவிக்காத தண்ணீர். மண்ணிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கோடு இறங்கியிருந்தால் அது கழிவுப் பக்கம். இரண்டும் இல்லை, ஆனால் பாத்திரம் கழுவிய பிறகு மட்டும் பின்சுவரோரம் நனைகிறதென்றால் கீழே எதையும் கழற்றாதீர்கள். மேலே தெறிக்கும் தண்ணீர் சிங்க் விளிம்பாலோ பைப்பின் அடியாலோ இறங்குகிறது. பழைய சிலிக்கனைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் முடிந்தது.

இன்னொரு வகை ஒழுக்கு பகலில் எவ்வளவு பார்த்தாலும் பிடிபடாது. விடிய எழும்பிப் பார்த்தால் மட்டும் ஈரம் இருக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் மட்டக்களப்பு வீடுகளுக்கும், கொண்டவட்டுவான் குளத்துத் தண்ணீர் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கும் குழாயில் வரத் தொடங்கிய பிறகு, பல வீடுகளில் குசினிப் பைப்பை மட்டும் சபை லைனில் நேரே கொடுத்து, மற்றதெல்லாம் கிணற்று டாங்கியில் விட்டிருக்கிறார்கள். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமே. டாங்கி பைப்புக்கு மேலே மூன்று மீற்றர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார்தான். சபை லைனின் அழுத்தம் அப்படி ஒரே அளவில் நிற்பதில்லை. ஊர் உறங்கிப் பாவனை குறையும் நேரம் அது கூடும். பகலில் அடங்கியிருக்கும் மூட்டு நடுச்சாமத்தில்தான் கசியும். இந்தச் சந்தேகம் வந்தால் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுப் படுத்து, நடுச்சாமத்தில் எழும்பி மீற்றரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் மீற்றருக்கு இந்தப் பக்கம் எங்கேயோ ஓடுகிறது. மீற்றருக்கு அந்தப் பக்கம் என்றால் அது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை, 1939க்கு எடுத்துச் சொல்லலாம். இந்தப் பக்கம் எங்கள் தலையில்தான்.

பாவித்த தண்ணீர்: இறுக்கலாம், வொஷர் மாற்றலாம், முழுதாக மாற்றலாம்

இறுக்குவது காசில்லாத வழி. நட் உண்மையில் தளர்ந்திருந்தால் மட்டும்தான் பலிக்கும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுகும் மட்டும் இறுக்கி, பிறகு துணி சுற்றிக் குறட்டால் கால் சுற்றுக் கொடுத்தால் போதும். அதற்கும் நிற்காவிட்டால் இன்னும் இறுக்குவதில் பலனில்லை. பெரிய பைப் ரென்ச் கொண்டு முறுக்கினால் நட்டில் மயிரிழை வெடிப்பு விழும். வொஷர் விலையில் முடிந்திருக்கும் காரியம் செட் விலைக்குப் போய்விடும்.

வொஷர் மாற்றுவது இரண்டாவது. ட்ரப் நட்டுக்குள் இருக்கும் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. தட்டைப் பக்கம் நட்டோடு ஒட்ட வேண்டும், சரிவான பக்கம் ட்ரப்பின் வாய்க்குள் இறங்க வேண்டும். மாறிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். புது வீட்டிலேயே ஒழுகும் ட்ரப்புகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இந்த மூட்டில் தண்ணீரைத் தடுப்பது வளையம்தான், புரி அல்ல. ஆகவே புரியில் வெள்ளை டேப் சுற்றுவதில் பிரயோசனமில்லை. கடைக்காரர் கொடுத்தால் வாங்கி வையுங்கள், பைப் பக்கத்துக்கு உதவும்.

வளையம் மென்மையாக, நசுக்கினால் திரும்பி எழும்புகிறதென்றால் துடைத்துச் சரியாகப் போட்டாலே போதும். விறைத்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இருந்தால் மாற்றுங்கள். ஆனால் நட்டைக் கழற்றும்போது குழாயே கோணலாக, வட்டம் கெட்டு முட்டை வடிவில் இருக்கக் கண்டால் வொஷர் பேச்சை விட்டுவிடுங்கள். அது வெந்நீர் பார்த்த குழாய்.

வெந்நீர் என்று சொல்வது எங்கள் வீட்டுக் கஞ்சியைத்தான். அரிசி வெந்ததும் பானையைச் சாய்த்துக் கஞ்சியை நேரே சிங்க்கில் வடிக்கிற பழக்கம் இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது! அடுப்பால் இறக்கிய கஞ்சி 100 பாகைக்குக் கிட்ட நிற்கும். பி.வி.சி. குழாய் தொடர்ந்து தாங்கும் சூடு 60 பாகையளவுதான். ஒரு நாளில் ஒன்றும் நடக்காது. நாளுக்கு ஒரு பானை என்று வருடக்கணக்கில் வடித்தால் குழாய் இளகி இளகி வடிவம் மாறும், வளையத்தின் பிடி தளரும். ரைஸ் குக்கர் வந்த வீடுகளில் ட்ரப் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கஞ்சியை ஒரு சட்டியில் வடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள், அல்லது மாட்டுக்குக் கொடுங்கள். முடியாதென்றால் சிங்க்கில் பைப்பைத் திறந்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரோடு சேர்த்து மெதுவாக வடியுங்கள்.

ஆகவே கழிவுப் பக்கத்துக்கு என் தீர்ப்பு இது: ட்ரப் புதிதென்றால் வொஷர், பழையதென்றால், கஞ்சி பார்த்ததென்றால், முழுச் செட். பழைய ட்ரப்பில் ஒரு வொஷரை மாற்றினால் அடுத்த மாதம் அடுத்த மூட்டு ஒழுகும். கழற்றுவதும் பூட்டுவதும் ஒரே வேலைதான், அதை இரண்டு தரம் செய்வானேன்?

செட் என்று கடையில் கேட்டால் மூன்று சாமான் காட்டுவார்கள். ஆக மலிவு, மடிப்பு மடிப்பான வளைகிற குழாய். அளவு பார்க்கத் தேவையில்லை, எந்தக் கோணத்துக்கும் வளையும், அரைவாசிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மடிப்புகளில் தேங்காய்ப்பூவும் மீன் செதிளும் எண்ணெயும் சிக்கி நாறும், உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் பண்ணவும் ஏலாது. சுவர் ஓட்டையும் சிங்க் வாயும் நேர்கோட்டில் இல்லாத வீட்டுக்கு மட்டும் அது சரி.

பொட்டில் ட்ரப் போத்தல் வடிவில் தொங்கும். அடிப்பகுதியைக் கையால் கழற்றலாம். மீன் கழுவும் சிங்க்குக்கு இது நல்லது. அடைத்தால் கீழே வாளி வைத்துக் கழற்றிக் கொட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுவது ஐந்து நிமிட வேலை. அடிப்பகுதியில் இருக்கும் பெரிய ரப்பர் வளையம் கழற்றும்போது வாளிக்குள் விழுந்துவிடும், கழிவோடு சேர்த்து வீசிவிடாதீர்கள். வளைந்த பி ட்ரப் உள்ளே ஒரே சீராக இருப்பதால் அடைப்பது குறைவு, இடம் கூட வேண்டும். மூட்டுகளும் பெரிதாக இருக்கும், கை நுழையும். கபட்டில் இடம் இருக்கிறவர்களுக்கு என் தெரிவு பி ட்ரப்தான். எதை வாங்கினாலும் பி.வி.சி.யை விட பொலிப்ரொப்பிலீனில் செய்ததைக் கேளுங்கள், சூட்டைக் கூடத் தாங்கும். தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் மெழுகு மாதிரி வழுவழுப்பு இருக்கும், பி.வி.சி. விறைப்பாக இருக்கும். பளபளவென்று குரோம் பூசிய பித்தளை ட்ரப் பார்க்க வடிவுதான். கல்லடி, நாவற்குடா, பாண்டிருப்பு மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்றுக்குப் பூச்சு உரிந்து பச்சை பூக்கும். கபட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவ்வளவு காசு?

அளவு விஷயத்தில் ஏமாற வேண்டாம். குசினிச் சிங்க்குக்குப் பெரும்பாலும் ஒன்றரை இஞ்சி, கை கழுவும் பேசினுக்கு ஒன்றேகால் இஞ்சி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கழற்றிய பழையதைக் கழுவி பேக்கில் போட்டுக் கொண்டுபோங்கள். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஹாட்வெயார் கடையில் நீட்டினால் "இது பேசினுக்குள்ளது தம்பி, சிங்க்குக்குச் சரிவராது" என்று காக்காமார் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். வெள்ளி மதியம் ஜும்மாவுக்குக் கடை பூட்டியிருக்கும், டவுனில் ஞாயிறும் போயாவும் பல கடை திறக்காது. கழற்றுவதற்கு முன்பு நாளையும் நேரத்தையும் பாருங்கள்.

இன்னொரு தெரிவும் உண்டு, கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். ட்ரப்பே இல்லாமல் விடுவது. எங்கள் பக்கத்தில் பல சிங்க்குகளின் தண்ணீர் சுவரால் வெளியே போய் நேரே வாழையடியில் விழுகிறது. மூடிய குழிக்கோ செப்டிக்குக்கோ போகாத அந்த மாதிரி லைனில் நாற்றம் ஏறி வர வழி குறைவு. ஒரு எல்போவும் (வளைவு மூட்டு) நேர்க் குழாயும் போதும். மூட்டு குறைந்தால் ஒழுகும் இடமும் குறையும். வெளி முனையில் கம்பி வலை கட்டாவிட்டால் கரப்பானும் எலியும் அந்தக் குழாயால் உள்ளே வரும். தண்ணீர் மூடிய ஊறுகுழிக்குப் போகிற வீட்டுக்கு இந்தப் பேச்சே இல்லை, ட்ரப் கட்டாயம். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்துக்கும் பூச்சிக்கும் கதவு.

சிங்க் வாயில் ஒழுகினால் வேலை கொஞ்சம் கூட. வேஸ்ட்டைக் கழற்றி, பழைய சிலிக்கனை ஒரு துளியும் விடாமல் சுரண்டி, சிங்க்கை முற்றாக உலர்த்தி, மேல் வளையத்துக்குக் கீழே புதுச் சிலிக்கன் போட்டு, கீழே புது ரப்பர் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடக்கூடாது. அதுதான் வீடுகளில் சண்டை வரும் இடம். கிணற்றடியில் பாத்திரம் கழுவ யார் போவது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள்.

பாவிக்காத தண்ணீர்: ஹோஸ், வால்வு, சுவர்

இங்கே முதல் வேலை ஸ்பெனர் எடுப்பதல்ல, தண்ணீரை நிறுத்திப் பார்ப்பது. சிங்க்குக்குக் கீழே, குழாய் சுவரிலிருந்து வெளிவரும் இடத்தில் ஆங்கிள் வால்வு என்ற சின்ன வால்வு இருந்தால் அதைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் டாங்கி வால்வை, சபை லைன் என்றால் மீற்றருக்குப் பக்கத்தில் உள்ளதைப் பூட்டுங்கள். பூட்டிவிட்டுப் பைப்பைத் திறந்தால் தண்ணீர் முற்றாக நிற்க வேண்டும். வருடக்கணக்கில் யாரும் தொடாத வால்வு பூட்டினாலும் முழுதாக நிற்காது, பலமாகத் திருகினால் தண்டு முறிந்தும் போகும். நிற்காவிட்டால் அதோடு உங்கள் பங்கு முடிந்தது, பிளம்பருக்கு எடுங்கள்.

தண்ணீர் நிற்கிறது, ஒழுகுவது வால்விலிருந்து பைப்புக்குப் போகும் வளைகிற ஹோஸில் என்றால் யோசிக்கவே தேவையில்லை. புது ஹோஸ். டேப், பசை, கம்பிக் கட்டு எதுவும் வேண்டாம். கம்பிப் பின்னல் போட்ட ஹோஸில் தண்ணீரைக் கொண்டுபோவது உள்ளேயுள்ள ரப்பர், அழுத்தத்தைத் தாங்குவது வெளிப் பின்னல். பின்னலில் இரண்டு மூன்று கம்பி துருவேறி அறுந்திருந்தால் அந்த இடத்தில் ரப்பர் புடைக்கத் தொடங்கும். ஒரு நாள் அது வெடிக்கும்போது சொட்டாது, சீறும். ஆளில்லாத வீட்டில் டாங்கி காலியாகும் வரைக்கும் சீறும். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்றே போதும், அதற்கு மேல் நாங்கள் ஹாப்பிக் போத்தலையும் ப்ளீச்சிங் பவுடரையும் அதே கபட்டுக்குள் மூடி வைக்கிறோம். அந்தக் குளோரின் ஆவி எவர்சில்வர் பின்னலையும் தின்னும். ஹோஸ் மாற்றும் நாளில் அவற்றையும் குளியலறைக்கு மாற்றிவிடுங்கள்.

மலிவு ஹோஸுக்கும் நல்ல ஹோஸுக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியும். மலிவானது அலுமினியப் பின்னல், தூக்கினால் பாரமில்லை. நல்லது 304 தர எவர்சில்வர், நட்டும் பித்தளை, கனமாக இருக்கும். ட்ரப்பில் மிச்சம் பிடிக்கிற காசை இங்கே போடுங்கள். ட்ரப் பிழைத்தால் கபட் நனையும், ஹோஸ் பிழைத்தால் வீடு நனையும். நீளமும் பாருங்கள். இழுத்துக் கட்டினாலும், அளவு கூடி மடிந்து நின்றாலும் சீக்கிரம் போகும். ஹோஸின் முனையில் தட்டை ரப்பர் இருந்தால் அந்த மூட்டுக்கு வெள்ளை டேப் வேண்டாம், ரப்பரே பிடிக்கும். டேப் வேண்டியது ஆங்கிள் வால்வு சுவருக்குள் ஏறும் புரிக்கு. முனையைப் பார்த்துக்கொண்டு வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போதே உரிந்து வந்துவிடும்.

ஆங்கிள் வால்வின் கைப்பிடியடியில் கசிந்தால் அதிலுள்ள சின்ன நட்டைச் சற்று இறுக்கிப் பார்க்கலாம். நிற்காவிட்டால் வால்வையே மாற்ற வேண்டும், இங்கேதான் எல்லை வருகிறது. வால்வு சுவருக்குள் உள்ள பி.வி.சி. சொக்கட்டில், அதாவது குழாய் முனையில் உள்ள புரி வாயில், பூட்டியிருக்கிறது. பழைய வால்வைத் திருகும்போது சொக்கட்டும் சேர்ந்து சுழன்றால், அல்லது உள்ளே வெடித்தால், சுவரை உடைத்துக் குழாய் வெட்டி, கம் பூசி ஒட்ட வேண்டிவரும். கை பழகிய பிளம்பர் அந்தச் சுழற்சியைக் கைக்குள்ளேயே உணர்ந்து நிறுத்துவார். சுவரில் பெயின்ட் கொப்பளித்து, கீழ்க் கல் வரி ஊறிக் கிடந்தாலும் இதே கதைதான். உள்ளே எல்போ ஒன்று கசிகிறது, அதை வெளியிலிருந்து எந்தப் பசையாலும் நிறுத்த ஏலாது.

டேப்பும் பசையும்

இரண்டு பகுதி பிசைந்து பூசும் எப்பொக்சிப் பசை, வெடித்த கழிவுக் குழாயில் நன்றாகவே பிடிக்கும், குழாய் காய்ந்திருந்தால். இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டிய பிறகு அதைத்தான் செய்ய முடியும், செய்யுங்கள். அழுத்தமுள்ள பக்கத்தில் அது வேண்டாம், வால்வைப் பூட்டிவிட்டுப் படுப்பது மேல்.

வாளியையும் ஒரு தீர்வு என்று வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கோப்பையை வைத்து ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள். 100 மில்லிலீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 2.4 லீற்றர், மாதத்துக்கு 72 லீற்றர். சபைப் பில்லில் ஒரு யுனிட் 1000 லீற்றர், ஆகவே காசு நட்டம் பெரிதில்லை. நட்டம் கபட் பலகைக்கு. அழுத்திய மரத்தூள் பலகை ஒருமுறை ஊறி வீங்கினால் திரும்பாது, ஊறிய பலகையைக் கறையான் தேடி வரும். மார்கழி மழைக்காலத்தில் இன்னொன்றும் சேரும்: டெங்கு நுளம்பின் முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். இருட்டில் மறந்து கிடக்கும் வாளி அதற்கு நல்ல இடம். வாளி வைத்தால் தினமும் ஊற்றுங்கள்.

வாடகை வீடு

கழற்றுமுன் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ட்ரப், வொஷர், ஹோஸ் போன்றதைக் கேட்டுவிட்டு நீங்களே மாற்றி, பில்லை வைத்து அடுத்த வாடகையில் கழித்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் லேசு. வால்வும் சுவரும் அவருடைய வீடு. அவர் கொழும்பிலோ கனடாவிலோ இருந்தாலும் சரி, அவர் வாயால் "செய்யுங்கோ" என்று வராமல் சுவரில் உளி வைக்காதீர்கள்.

பிளம்பரைக் கூப்பிடுவதென்றால்

நல்ல பிளம்பர்கள் புது வீட்டு வேலைகளில்தான் நிற்பார்கள். ஒரு வொஷருக்கு யாரும் வேலையை விட்டு வரமாட்டார்கள். "நாளைக்கு வாறன்" என்பது எத்தனை நாளைக்கு என்று உங்களுக்கும் தெரியும். அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பெற்றோல் காசுக்கே காணாது. அதனால் வீட்டில் உள்ள சில்லறை வேலைகளைச் சேர்த்து வையுங்கள்: நிற்காமல் ஓடும் சிஸ்டர்ன், வளவில் சொட்டும் பைப், டாங்கியின் மிதவை. அரை நாள் வேலையாகச் சொன்னால் வருவார். நாள்கூலியா, வேலைக்கு இவ்வளவா என்பதைத் தொடங்குமுன் பேசுங்கள். தண்ணீர் எங்கே கசிகிறதென்று தெரிந்த வேலைக்குப் பேசிய தொகை நல்லது, சுவர் உடைக்க வேண்டிய வேலைக்கு நாள்கூலி நல்லது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, பயந்து கூட்டித்தான் தொகை சொல்வார். சாமானை அவரோடு போய் நீங்களே வாங்குங்கள். வேலை முடிந்ததும் சிங்க்கை நிரப்பி இறக்கி, டிஷ்யூவால் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுக் காட்டிய பிறகு காசைக் கொடுங்கள்.

அவர் லைனைப் பூட்டி வைத்திருக்கும் அந்த நேரத்திலேயே இன்னொரு காரியத்தையும் செய்வித்துக்கொள்ளுங்கள். சிங்க்குக்குத் தனி வால்வு இல்லாத வீடென்றால் கை எட்டும் உயரத்தில் ஒன்று போடச் சொல்லுங்கள். குழாய் வெட்டியிருக்கும்போது அதற்குக் கூலி பெரிதாக ஏறாது. அடுத்த முறை ஹோஸ் மாற்றும்போது டாங்கியடிக்கு ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை, வீட்டில் மற்றவர்கள் குளிப்பதை நிறுத்தவும் வேண்டியதில்லை.